இருளப்பன் சாகவில்லை

"கழுத்தைக் குடுடி," என்று இராசாத்தி கையை நீட்டினாள்.

மருதம்மாள் மாராப்பை இழுத்துத் தாலியின் மேல் போட்டுக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். "கொஞ்சம் பொறுங்கக்கா."

"இன்னும் என்ன பொறுக்குறது? குழி வெட்டியாச்சு. வளையலை ஒடைச்சு, தாலியை வாங்கிட்டா ஆம்பளைங்க தூக்கிடுவாங்க. மத்தியானம் வேலைக்குப் போகலன்னா ஆளுக்கு அரை டின் அரிசி போச்சு, தெரியும்ல?"

பதினாறாம் நாள் செய்ய வேண்டியதைச் செத்த அன்றைக்கே முடித்துவிடுவது அந்த எஸ்டேட்டுக் கூலி லயத்தில் வழக்கமாகிவிட்டது. ஜப்பான்காரன் வந்து இது நாலாவது வருசம். பதினாறு நாள் கழித்துச் சடங்கு செய்ய எந்த வீட்டில் அரிசி இருக்கப்போகிறது? முதலில் பதினாறு நாள் கழித்து யார் இருக்கப்போகிறார்கள்?

அறைக்குள் ஏழெட்டுப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் உடம்பில் சாக்குத் துணி. வெளியே, லயத்து வாசலில், கதவுப் பலகை மேல் பிணம் கிடந்தது. கோடி போடக்கூட முழத் துணி கிடைக்காமல் அதற்கும் சாக்குதான்.

இராசாத்தி, கூலிகளை வேலை வாங்குகிற மண்டோர் தர்மலிங்கத்தின் பெண்சாதி. கெட்டவள் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. போன மாதம் மருதம்மாள் காய்ச்சலில் விழுந்தபோது மூன்று நாள் கஞ்சி கொண்டுவந்து ஊற்றியவள் அவள்தான். ஆனால் அவள் காதில் விழுந்தது மண்டோர் காதுக்குப் போகும். மண்டோர் காதுக்குப் போனது ஜப்பான்காரன் காதுக்குப் போகும். போன மாதம் மண்டோர் கைகாட்டிவிட்ட ஒரு ரோட்டு வேலைக்காரனைச் சுங்கை பட்டாணிக்குக் கொண்டுபோனார்கள். அவனுடைய வேட்டி மட்டும் திரும்பி வந்தது.

வெளியே கிடந்தவரை எஸ்டேட்டு முழுக்க இருளப்பன் என்றுதான் தெரியும். 'இருளப்பன், பெண்சாதி மருதம்மாள்' என்று கணக்கெழுதும் கிராணி பரஞ்சோதி தம் கையாலேயே பேரேட்டில் எழுதிவைத்திருந்தார். அத்தனையும் பொய். அவர் இருளப்பன் இல்லை. அவளுக்குப் புருசனும் இல்லை. நிசமான இருளப்பனை, அவர்கள் கோலா கெத்தில் பக்கத்து எஸ்டேட்டில் இருந்தபோது, ரெண்டு வருசத்துக்கு முன்னால், சயாமில் ரயில்பாதை போட வேண்டும் என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்றே மாதத்தில் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லித்தான் ஏற்றினார்கள். நாசமாய்ப் போகிறவர்கள், சொன்னதில் ஒன்றாவது மெய்யாக இருந்ததா?

இந்த மனுசர் கடல் வழியாக வந்தவர். வெள்ளைக்காரன் இந்தியாவில் வைத்துப் பழக்கி, நீர்மூழ்கிக் கப்பலில் கொண்டுவந்து, ஆளில்லாத கரையில் இறக்கிவிட்ட உளவாளி. பாடாங் செராயில் மளிகைக் கடை வைத்திருந்த மீரா சாகிபு ஒருநாள் அவளிடம் சுற்றி வளைக்காமல் கேட்டார். "இவருக்கு ஒரு பேர் வேணும் தங்கச்சி. மெய்யான ஆளோட பேரா இருக்கணும், அந்த ஆளு இங்க இருக்கக் கூடாது. உன் வீட்டுக்காரர் பேரைக் குடுப்பியா?"

அவள் ஒரு ராத்திரி யோசித்தாள். புருசனைக் கொண்டுபோனவனுக்கு எதிராகத் தன்னால் ஆகக்கூடியது இது ஒன்றுதான் என்று பட்டது. மறுநாள் போய், "இரவலாத்தான் குடுக்குறேன் பாய். அவரு வந்தா திருப்பிக் குடுத்துடணும்," என்றாள். மீரா சாகிபு சிரிக்கவில்லை. சரி என்று தலையாட்டினார்.

யாருக்கும் அவர்கள் முகம் தெரியாத இந்தச் சிடாம் கிரி எஸ்டேட்டுக்கு வந்து, புருசன் பெண்சாதியாக ஒரே அறையில், நடுவில் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு வருசத்துக்கு மேல் இருந்தார்கள். உளவு பார்க்கப் பழகி வந்தவருக்குக் கூலிக்காரனாக இருக்கத் தெரியவில்லை. உள்ளங்கால் கைப்பிள்ளையின் கால் மாதிரி இருந்தது. ஒரு மாதம் செம்மண் பாதையில் வெறுங்காலோடு நடக்கவிட்டு அதைக் காய்க்க வைத்தவள் மருதம்மாள். கை கழுவினால் துண்டைத் தேடுவார். "வேட்டியில தொடைங்கண்ணே, யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க," என்று அதட்டியவளும் அவள்தான். வாரத்தில் ரெண்டு நாள் மரவள்ளிக்கிழங்கு லாரியோடு சுங்கை பட்டாணி விமானத் திடலுக்கு மூட்டை இறக்கப் போவார். வெள்ளிக்கிழமை உப்பு வாங்க மீரா சாகிபு கடைக்குப் போவார். அங்கே என்ன பார்த்தார், இங்கே என்ன சொன்னார் என்று அவள் கேட்டதில்லை. அந்தச் சாக்கைத் தாண்டி ஒருநாளும் அவர் கை வந்ததில்லை. அறைக்குள் அவள் அவரை அண்ணே என்றாள். வெளியே, எல்லாப் பெண்சாதிகளையும் போல, 'இந்தாங்க' என்றாள்.

இன்று காலை கெட்டது அதில்தான். எட்டு நாளாகக் குளிர்காய்ச்சல் அவரைப் போட்டு உலுக்கி எடுத்தது. கொய்னா மாத்திரை எங்கேயும் கிடைக்கவில்லை. விடிந்து கொஞ்ச நேரத்தில் மூச்சு இழுத்துக்கொண்டு நின்றபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அண்ணே, கண்ணைத் தொறங்கண்ணே, என்னை விட்டுட்டுப் போயிடாதீங்கண்ணே," என்று லயமே கேட்கும்படி கத்தினாள். திரும்பினால் வாசலில் இராசாத்தி, வெந்நீர்ச் சட்டியோடு நின்றுகொண்டிருக்கிறாள்.

கட்டின புருசனை அண்ணே என்று எந்தத் தமிழச்சி கூப்பிடுவாள்?

இராசாத்தி சட்டியைக் கீழே வைத்தாள். செத்தவருடைய கண்ணை மூடிவிட்டாள். போனாள். அரை மணி நேரத்தில் மண்டோர் வந்து பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். அதற்குப் பிறகு அந்த இடத்தை விட்டு அவன் நகரவே இல்லை.

இப்போது இராசாத்தி குரலைத் தாழ்த்தினாள். ஆனால் எல்லாருக்கும் கேட்கிற தாழ்வுதான் அது. "நீ யோசிக்கிறதைப் பாத்தா எனக்கே ஒரு மாதிரியா இருக்குடி. காலையில அந்த மனுசனை என்னன்னு கூப்பிட்ட? என் ரெண்டு காதாலயும் கேட்டேன். புருசன்தான்னா கழட்டிக் குடு. நான் வாயை மூடிக்கிறேன்."

பக்கத்தில் இருந்த அழகம்மா மருதம்மாளின் முழங்காலைத் தொட்டாள். அவள் புருசனும் சயாமுக்குப் போனவன்தான். அங்கேயிருந்து தப்பி வந்த எவனோ ஒருத்தன், அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் வாந்திபேதியில் போய்விட்டார்கள் என்று சொன்னான். அழகம்மாவின் ஆள் அதில் எந்தப் பாதி என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனாலும் பெண்கள் கூடி உட்கார்ந்து அவள் கழுத்தைக் காலியாக்கிவிட்டார்கள். "கழட்டிடு மருது," என்றாள் அழகம்மா. "ஒரு மாசம் கழுத்தைத் தடவிக்கிட்டே இருப்ப. அப்புறம் பழகிடும்."

மருதம்மாளுக்கு அதுவரைக்கும் பயம்தான் இருந்தது. அந்தப் 'பழகிடும்' காதில் விழுந்ததும் கோபம் வந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சுலபம். இராசாத்தி வாயை மூடிக்கொள்வாள், மண்டோர் போய்விடுவான், மீரா சாகிபும் அவர் பெண்சாதி சைதூனும் பிள்ளைகளும் பிழைத்துக்கொள்வார்கள். ஆனால் பேரேட்டில் இருளப்பன் செத்துப்போவான். நாளைக்கே அவன் எலும்பும் தோலுமாக வந்து நின்றால், செத்தவனுக்கு ஏது அரிசி, ஏது அறை, ஏது பெண்சாதி? ஜப்பான்காரன் பாதிதான் கொண்டுபோனான். மீதியை அவளே தன் கையால் முடித்துவைத்த மாதிரி ஆகும். கழற்ற மாட்டேன் என்றால், அப்போது இது யார் பிணம் என்று மண்டோர் கேட்பான். கோலா கெத்திலுக்கு ஒரு ஆளை அனுப்பி விசாரித்தால் போதும். எல்லாரும் செத்தோம்.

அவள் எழுந்தாள். "எங்கடி போற?" என்று இராசாத்தி மறித்தாள். மருதம்மாள் அவள் கையை விலக்கிவிட்டு, தாலியை எடுத்து மாராப்புக்கு வெளியே போட்டுக்கொண்டு, ஆண்கள் நிற்கிற வாசலுக்கு வந்தாள்.

கிராணி முக்காலியில் உட்கார்ந்து பேரேட்டை மடியில் விரித்திருந்தார். காதில் பென்சில்.

"கிராணியாரே, எழுதிட்டீங்களா?"

"எழுதத்தாம்மா போறேன். இருளப்பன், வயசு முப்பத்தஞ்சு, காய்ச்சல்."

"எழுதாதீங்க. செத்தது அவரு இல்ல."

மண்டோர் தர்மலிங்கம் நிமிர்ந்தான். அவன் முகத்தில் சந்தோசம் ஓடியது. "பின்ன யாரு?" என்றான்.

"நான் சேத்துக்கிட்ட ஆளு."

பாடை கட்டிக்கொண்டிருந்தவன் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

"என் புருசன் சயாமுக்குப் போயிருக்காரு," என்றாள் மருதம்மாள், நாக்குக் கூசாமல். "அவரு போனதும் இவரைச் சேத்துக்கிட்டேன். என் வீட்டுக்காரரோட கூட்டாளி இவரு. வீட்டுக்கு வந்து போறப்பல்லாம் அண்ணேன்னுதான் கூப்புடுவேன். அப்புறமும் வாய்ப்பழக்கம் போகல. அக்கா காதுல விழுந்தது அதான்."

அறைக்குள்ளிருந்து யாரோ, "அடிப்பாவி," என்றது கேட்டது.

"அப்ப எங்களை ஏமாத்திப் பேரை மாத்தி எழுத வெச்சிருக்க," என்றான் மண்டோர்.

"ஆமா. கூட்டிக்கிட்டு ஓடியாந்த ஆளுன்னு சொன்னா அறை குடுத்திருப்பீங்களா? உங்க வீட்ல அக்காதான் விட்டுருப்பாங்களா?"

மண்டோர் விடவில்லை. "எனக்கு ரொம்ப நாளாவே இந்த ஆளு மேல ஒரு கண்ணு. பேச்சு, நடை, ஒண்ணும் எஸ்டேட்டு ஆளு மாதிரி இல்லையே."

"எப்படி இருக்கும்? ஈப்போவுல துணிக்கடையில நின்னவரு. மம்பட்டி பிடிக்கவே நான்தான் சொல்லிக் குடுத்தேன்." அதில் பாதி உண்மை.

"கோலா கெத்தில்ல ஆள் விட்டு விசாரிப்பேன்."

"விசாரிங்க. இன்னிக்கே விசாரிங்க. என் புருசன் எங்கன்னு கேளுங்க, சயாம்னுதான் சொல்லுவாங்க. நான் எப்ப காணாமப் போனேன்னும் கேளுங்க."

மண்டோர் அவளை மேலும் கீழும் பார்த்தான். பெரிய மீன் என்று தூண்டிலை இழுத்தவனுக்குச் செருப்பு வந்த மாதிரி இருந்திருக்கும். கூத்தியாளையும் கள்ளப் புருசனையும் பிடித்துக் கொடுத்தேன் என்று போய் நின்றால் ஜப்பான்காரன் இவன் கன்னத்தில்தான் ரெண்டு வைப்பான். அதோடு, இன்னும் ஒரு மாதத்துக்கு லயம் முழுக்க மென்று தின்ன ஒரு சங்கதி கிடைத்துவிட்டது. உளவாளியை யாருக்கு வேண்டும்? அவன் பல்லைக் காட்டிச் சிரித்தான். "அதானே பாத்தேன். என்னடா, ஒரு பிள்ளைகூட இல்லாம ரெண்டு பேரும் இப்படி ஒட்டி உறவாடுறாங்களேன்னு." நின்றவர்களில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

மருதம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சிரிக்கட்டும் என்று நின்றாள்.

"செத்தவர் பேரு என்னம்மா?" என்றார் கிராணி.

இதை அவள் யோசித்திருக்கவில்லை. ஒரு வருசம் ஒரே அடுப்பில் சாப்பிட்ட மனுசனுடைய பேர் அவளுக்குத் தெரியாது. எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை, கட்டினவள் யாராவது அங்கே காத்துக்கொண்டிருக்கிறாளா, ஒன்றும் தெரியாது.

"நடராஜா," என்றாள்.

"தகப்பன் பேரு?"

"ராமையா."

ராமையா அவளுடைய தகப்பன். நடராஜா அவளுக்கு மூத்தவனாகப் பிறந்து, கப்பலேறும் முன்பே அம்மை கண்டு போன பிள்ளை. கிராணிக்கு அதெல்லாம் தெரியாது. எழுதிக்கொண்டார்.

"இருளப்பன் பேரை அடிச்சுடவா?"

"அடிக்காதீங்க. சயாம்னு எழுதுங்க. அவரு சாகல, வருவாரு."

"பேரு இருந்தாலும் அரிசி கெடையாதும்மா."

"அரிசி கேக்கல. பேரை விட்டு வையுங்க."

கிராணி மண்டோரைப் பார்த்தார். மண்டோர் பக்கத்தில் நின்றவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவர் எழுதினார்.

அதற்குள் இராசாத்தி வெளியே வந்து வாசலில் காறித் துப்பினாள். "இந்தக் கழுதைக்கா நான் கஞ்சி ஊத்துனேன்? வாங்கடி போவோம்." பெண்கள் ஒவ்வொருத்தியாக மருதம்மாளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அழகம்மா மட்டும் வாசலில் ஒரு நிமிசம் நின்று, மருதம்மாளின் கழுத்தில் வெளியே கிடந்த தாலியைப் பார்த்துவிட்டுப் போனாள். பாடை கட்டியவன் கயிற்றைக் கீழே போட்டான். "சேத்துக்கிட்டவனுக்கு எவன் தோள் குடுப்பான்?" என்று யாரோ சொன்னதும் மற்றவர்களும் நழுவினார்கள்.

குழி வெட்டின அய்யாவு மட்டும் மிச்சம். காலில் ஆறாத புண்ணோடு நொண்டிக்கொண்டு நின்றார். "ரெண்டு பேரு எப்படி தூக்குறது?" என்றார்.

மருதம்மாள் கூரைக்குக் கீழே கிடந்த கம்பை இழுத்து வந்தாள். பிணத்தைச் சாக்கோடு சேர்த்துக் கட்டித் தூளி மாதிரி தொங்கவிட்டார்கள். முன்பக்கத்தை அவள் தோளில் வைத்துக்கொண்டாள். எட்டு நாள் காய்ச்சலில் அவரிடம் கனமே இல்லை. லயத்தைக் கடக்கும்போது, "பொம்பள சுடுகாட்டுக்குப் போறாளே," என்று ஒரு வீட்டிலிருந்து குரல் வந்தது.

"நாலு ஆம்பள வந்திருந்தா நான் ஏன் போறேன்?" என்றாள் அவள், நிற்காமல்.

ரப்பர் மரங்களை வெட்டிக் கிழங்கு போட்டிருந்த மேட்டைத் தாண்டி ஆற்றோரத்தில் குழி. இறக்கினார்கள். வாய்க்கரிசிக்கு அரிசி இல்லை. அவள் மூன்று பிடி மண்ணைப் போட்டாள். அங்கே அய்யாவு தவிர கேட்க ஆளில்லை. அண்ணே, அண்ணே என்று வாய்விட்டு அழுதாள். ஊர் தெரியாத ஊரில் வந்து செத்தாரே, பெற்றவளுக்கு யார் சொல்லுவார்கள் என்று அழுதாள். செத்த பிறகும் அவருக்குத் தன்னால் ஒரு கெட்ட பேர்தானே கொடுக்க முடிந்தது என்று அழுதாள். அய்யாவு கொஞ்சம் தள்ளிப்போய் ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டார். அவள் அழுது முடித்த பிறகு வந்து குழியை மூடினார்.

ஆற்றில் தலை முழுகிவிட்டு, ஈரத் துணியோடு அவள் நேராக லயத்துக்கு வந்தாள். குழாயடியில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தவில்லை. எல்லாரும் பார்க்க, உடைந்த கண்ணாடித் துண்டை ஜன்னலில் நிறுத்தி, குங்குமத்தை எடுத்து நெற்றியில் அகலமாக வைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவளுக்கு ரெண்டு பக்கமும் ஆள் நிற்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. கிராணி பேரேட்டின் மேல் ஒரு சேம்பு இலையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு பேர் வாசித்தார். சயாமுக்குப் போனவர்களின் பேர்களை அடித்துவிட்டுத்தான் இத்தனை நாளும் வாசித்துக்கொண்டிருந்தார். இன்று நடுவில் தொண்டையைச் செருமினார்.

"இருளப்பன்."

கூட்டம் திரும்பியது.

"சயாம்," என்றாள் மருதம்மாள்.

மண்டோர் முன்னால் வந்தான். "இல்லாத ஆளை எதுக்குக் கூப்புடுறீங்க கிராணியாரே?"

"பேரு இருக்கு, கூப்புடுறேன்," என்றார் பரஞ்சோதி, தலை நிமிராமல். "நம்ம எஸ்டேட்டு ஆளுங்க எத்தனை பேரு சயாம்லன்னு ஜப்பான்கார துவான் கேட்டா, நீயா பதில் சொல்லுவ?"

கிராணி அடுத்த பேரை வாசிக்க வாயெடுத்தார். அப்போது பெண்கள் வரிசையிலிருந்து அழகம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். இராசாத்தி அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். அழகம்மா இழுபட்டுக்கொண்டே வந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் பேரை அடிச்சுட்டீங்க," என்றாள் கிராணியிடம். "திரும்ப எழுதுங்க."

கிராணி பக்கங்களைப் புரட்டினார். போன வருசத்துப் பக்கம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. "பேரு சொல்லும்மா."

புருசன் பேரை வாயால் சொல்லிப் பழகாதவள் அவள். இப்படி யாராவது கேட்டால் பக்கத்தில் நிற்கிறவர்கள்தான் எடுத்துச் சொல்லுவார்கள். அன்று யாரும் சொல்லவில்லை.

"வைரவன்," என்றாள் அழகம்மா.

கிராணி பென்சிலை நாக்கில் நனைத்துக்கொண்டார்.

"எந்த மாசம் ஏத்துனாங்க?"